ஆயில் பில்டருக்கும் ஒரு வம்சம் உண்டு

பெருங்களத்தூர்ல ஊருக்குப் பஸ் பிடிக்க மணிக்கணக்கா நின்ன அனுபவம் உங்கள்ல நிறைய பேருக்கு இருக்கும். 2023 கடைசியில கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகுதான் அந்த நெரிசல் குறைஞ்சது. நீங்க நின்ன இடத்துக்குப் பக்கத்துல, வண்டலூர் போற பக்கம், இப்போ ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் நிக்கிற பெரிய வளாகம் இருக்கே, அது ஒரு காலத்துல கார் தொழிற்சாலை. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. 1948ல ஆரம்பிச்ச கம்பெனி அது. முதல்ல வேன்கார்டு காரைப் பூட்டினாங்க. பிறகு ஹெரால்டு கார் வந்தது. 1980களோட கடைசியில கார் உற்பத்தி நின்னு போச்சு.

அந்தக் கம்பெனிக்கும் என் டிராக்டரோட ஆயில் பில்டருக்கும் ஒரு சொந்தம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சென்னையில வேலை பார்க்கிற ஒரு தம்பி போன மாசம் கேட்டார். "அண்ணே, ஊர்ல அப்பா டிராக்டருக்கு ஆயில் பில்டர் ஆன்லைன்ல வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன். எது நல்ல பிராண்டு?" நல்ல மனசு. ஆனா பிராண்டு கேக்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி வேற. அந்த எஞ்சின் எந்த வம்சம்? அது என்ன வேலை பாக்குது? அந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா பில்டர் தானா கைக்கு வரும். தெரியாம வாங்கினா, எவ்வளவு பெரிய பேர் போட்ட டப்பாவா இருந்தாலும் அது எஞ்சினுக்கு எமன்.

வடிகட்டி இல்லாத காலம்

மோட்டார் வண்டி வந்த புதுசுல ஆயில் பில்டர்னு ஒண்ணு கிடையாது. எஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்குற சம்புல ஒரு கம்பி வலை இருக்கும், அவ்வளவுதான். போல்ட்டு, நட்டு உள்ளே போகாம அது தடுக்கும். தூசியைத் தடுக்காது. அதனால ஆயிலை அடிக்கடி வடிச்சுக் கொட்டிட்டுப் புதுசு ஊத்துவாங்க.

1923ல அமெரிக்காவுல எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்க்னு ரெண்டு பேர் ஒரு வடிகட்டி கண்டுபிடிச்சாங்க. அதுக்கு வெச்ச பேர் பியூரொலேட்டர். 'பியூர் ஆயில் லேட்டர்', அதாவது 'போகப் போக ஆயில் சுத்தம்'ங்கிற மூணு வார்த்தையைச் சேர்த்துச் செஞ்ச பேர். 1924ல வந்த கிரைஸ்லர் கார்ல அதைப் பொருத்தினாங்க. 'லேட்டர்'னு ஏன் சொன்னாங்கன்னா, பம்பு தள்ளுற ஆயில்ல ஒரு சின்ன பங்கு மட்டும்தான் அந்த வடிகட்டி வழியா போகும். மீதி அப்படியே பேரிங்குக்குப் போயிடும். அண்டாவுல இருக்கிற தண்ணியை ஒவ்வொரு சொம்பா எடுத்து வடிகட்டித் திரும்ப அதே அண்டாவுல ஊத்துற மாதிரி. எல்லாம் தெளிய நேரம் ஆகும்.

1940களுக்குப் பிறகு வழக்கம் மாறிச்சு. பம்புல இருந்து வர்ற ஆயில் முழுசும் முதல்ல வடிகட்டியைத் தாண்டித்தான் பேரிங்குக்குப் போகணும்னு அமைச்சாங்க. இன்னைக்கு நம்ம டிராக்டர், லாரி எல்லாத்துலயும் இருக்கிறது இந்த முறைதான். பெரிய லாரி எஞ்சின் சிலதுல இதுகூடப் பழைய முறையில இன்னொரு பில்டரும் இருக்கும். சிலதுல ஆயிலோட அழுத்தத்துலேயே தட்டாமாலை மாதிரி சுத்தி, அழுக்கை ஓரத்துல ஒட்ட வைக்கிற சுழல் பில்டரும் உண்டு.

முழு ஆயிலும் ஒரே வழியில போறதுல ஒரு ஆபத்து இருக்கு. வடிகட்டி அடைச்சா எஞ்சினுக்கு ஆயிலே போகாது. அதுக்காக ஒரு வால்வு வெச்சாங்க. பெரிய கோட்டைக் கதவுல சின்னதா ஒரு திட்டிவாசல் இருக்குமே, அது மாதிரி. பில்டர் அடைச்சு அழுத்தம் ஏறினா அந்த வால்வு திறந்துக்கும். ஆயில் வடிகட்டாம அப்படியே உள்ளே போகும். ஆயிலே இல்லாம எஞ்சின் பிடிச்சுக்கிறதை விட அழுக்கு ஆயில் தேவலைங்கிற கணக்கு.

ஆயில் பில்டர் விஷயத்துல இதைத்தான் நீங்க முக்கியமா தெரிஞ்சுக்கணும். டீசல் பில்டர் அடைச்சா வண்டி நின்னுடும், ஏர் பில்டர் அடைச்சா கரும்புகை தள்ளும். ஆயில் பில்டர் அடைச்சா அப்படி எதுவும் தெரியாது. வண்டி நல்லாத்தான் ஓடும். உள்ளே பேரிங் மட்டும் தேஞ்சுக்கிட்டே இருக்கும்.

அலசிப் போட்ட பழக்கம்

உள்ளே இருக்கிற பொருளும் மாறிக்கிட்டே வந்தது. முதல்ல துணி, பிறகு ஃபெல்ட், பஞ்சு நூல். அதுக்கப்புறம் பிசின் ஏத்தி மடிப்பு மடிப்பா மடிச்ச காகிதம். விசிறி மாதிரி மடிக்கிறதால சின்ன டப்பாவுக்குள்ள நிறைய காகிதம் அடங்கும். ரொம்ப காலம் இந்தக் காகித எலிமெண்டை ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள்ள வெச்சு நடுவுல நீள போல்ட்டு போட்டு முடுக்குவாங்க. 1954ல அமெரிக்காவுல விக்ஸ் கம்பெனி, கிண்ணமும் எலிமெண்டும் ஒண்ணா சேர்ந்த, கையால திருகி மாட்டுற டப்பா பில்டரைக் கொண்டு வந்தது. இன்னைக்கு நீங்க கடையில பாக்குறது பெரும்பாலும் அதோட வாரிசுதான்.

எங்க பக்கத்துல பழைய டிரைவருங்க பில்டர் எலிமெண்டை மண்ணெண்ணெயில அலசித் திரும்பப் போடுவாங்க. கஞ்சத்தனம்னு சிரிக்காதீங்க. கம்பி வலையை அலசலாம், ஆயில் பாத் ஏர் கிளீனரை அலசலாம். அதெல்லாம் அலசுறதுக்குன்னே செஞ்ச சாமான். அந்தக் கை பழகினது காகிதத்துக்கும் அதையே செஞ்சது. காகிதத்தை அலசினா மேலாக இருக்கிற அழுக்கு போகும், நாருக்குள்ள சிக்கினது போகாது. மடிப்பு கிழிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. மிஷின் மாறின வேகத்துல பழக்கம் மாறல, அதுதான் நடந்தது.

சென்னைக்கு வந்த வம்சங்கள்

இப்போ பெருங்களத்தூர் சொந்தத்துக்கு வர்றேன்.

இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிதான் நம்ம ஊர் ஸ்டாண்டர்டுக்குத் தாய்க் கம்பெனி. 1946ல இருந்து 1956 வரைக்கும் ஃபெர்குசன் டிஇ 20ங்கிற சின்ன டிராக்டரை 5 லட்சத்துக்கும் மேல செஞ்சது அவங்கதான். வேன்கார்டு கார்ல இருந்த எஞ்சினும் அந்த டிராக்டர்ல போட்ட ஸ்டாண்டர்டு எஞ்சினும் ஒரே குடும்பம். கார்ல போனவரும் ஏர் ஓட்டினவரும் ஒரே எஞ்சினை நம்பி இருந்திருக்காங்க.

இன்னொரு பக்கம், ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932ல இங்கிலாந்துல பீட்டர்பரோங்கிற ஊர்ல டீசல் எஞ்சின் கம்பெனி ஆரம்பிச்சார். 1959ல மாஸி ஃபெர்குசன் கம்பெனி பெர்கின்ஸையும் வாங்கிச்சு, ஸ்டாண்டர்டோட டிராக்டர் தொழிற்சாலையையும் வாங்கிச்சு. அடுத்த வருஷமே, 1960ல, சென்னையில டாஃபே தொடங்கிச்சு. செம்பியத்துல மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்ய ஆரம்பிச்சாங்க. அதுக்கு எஞ்சின் எங்கிருந்து? அண்ணா சாலையில 'சிம்சன்'னு ஒரு பஸ் ஸ்டாப் இருக்கே, அந்த சிம்சன்ல இருந்து. 1840ல குதிரை வண்டிக் கூடு கட்டின கம்பெனி, 1950கள்ல பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியிருந்தது. என்கிட்ட இருக்கிற மூணு சிலிண்டர் மாஸிக்குள்ள இருக்கிறதும் சிம்சன் எஞ்சின்தான்.

லாரிக் கதையும் இப்படித்தான். எண்ணூர்ல 1948ல அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்சு ஆஸ்டின் கார் பூட்டினாங்க. 1955ல இங்கிலாந்து லேலேண்டோட சேர்ந்து அசோக் லேலேண்ட் ஆச்சு. டாடா 1954ல ஜெர்மனி பென்ஸோட சேர்ந்தது. 1980கள்ல அசோக் லேலேண்டுக்கு ஜப்பான் ஹினோ எஞ்சின் வந்தது. 2012ல நம்ம ஒரகடத்துலயே பாரத்பென்ஸ் லாரி தொழிற்சாலை திறந்தாங்க.

ஆக நம்ம ரோட்டுல ஓடுறது இங்கிலாந்து வம்சம், ஜெர்மனி வம்சம், ஜப்பான் வம்சம். வெள்ளைக்காரன் வரைபடம் இஞ்சுல போட்டது, மத்தவங்க பெரும்பாலும் மில்லிமீட்டர்ல போட்டது. 1956ல நம்ம நாட்டுல மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்து, படி போய் லிட்டர் ஆச்சு, வீசை போய் கிலோ ஆச்சு. ஆனா எஞ்சின் பிளாக்குல வெட்டின புரி அப்படியே இஞ்சுலயே இருந்துடுச்சு. ஒரு புரியை மாத்தினா பழைய வண்டிக்கு எதுவும் சேராது, அதான் காரணம்.

இது ஏதோ பழங்கதைன்னு நினைக்காதீங்க. பெர்கின்ஸ் வம்சத்து எஞ்சின்கள்ல டப்பா பில்டர் மாட்டுற குழாய் பெரும்பாலும் முக்கால் இஞ்ச், இஞ்சுக்கு 16 புரி. முக்கால் இஞ்சுன்னா 19.05 மில்லிமீட்டர். ஜப்பான், ஐரோப்பா எஞ்சின் சிலதுல அது 20 மில்லிமீட்டர், புரி இடைவெளி ஒண்ணரை மில்லிமீட்டர். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல. 20 மில்லி பில்டரை முக்கால் இஞ்ச் குழாய்ல மாட்டினா லொடலொடன்னு ஏறிடும். கேஸ்கட் போய் ஒட்டினதும் இறுகின மாதிரியும் தெரியும். ஆனா புரி பிடிச்சிருக்காது.

எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் டிராக்டருக்கு, ஒரு கடையில "எல்லாம் ஒண்ணுதாங்க, பாருங்க ஏறுது"ன்னு லாரி பில்டரைக் கொடுத்துட்டாங்க. ரெண்டு நாள் ஓடிச்சு. மூணாம் நாள் காலையில ஸ்டார்ட் பண்ணி வயலுக்குப் போகும்போது, ஆயில் குளிர்ந்து கெட்டியா இருந்த அழுத்தத்துல பில்டர் பிச்சுக்கிட்டுப் போச்சு. கல்டிவேட்டர் சத்தத்துல அவருக்குத் தெரியல. ஆயில் பூரா வரப்புல. கிராங்க் பிடிச்சுக்கிச்சு. அது நடவு சமயம். நாத்து முத்திப் போச்சு, வாடகைக்கு வண்டி கிடைக்கல, அந்தப் போகம் பாதி நிலம் தரிசு. டிராக்டர் லோன் தவணை மட்டும் தவறாம வந்தது. பில்டர் விலையோ ஒரு ஆள் கூலி கூட வராது.

தாம்பரத்துத் தூசி

பல்லாவரம், திரிசூலம் மலையை ரயில்ல போகும்போது பார்த்திருப்பீங்க. அந்தக் கல்லுக்கு உலகம் முழுக்க சார்னோகைட்னு பேர். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறையில இருக்கிற கல் இந்தப் பக்கத்துக் கல்தான். அதை ஆராய்ச்சி பண்ணின தாமஸ் ஹாலண்ட் 1893ல அந்தப் பேரை வெச்சார். சென்னை கட்டின ஜல்லியில எத்தனையோ லோடு இந்தப் பக்கம் உடைச்சதுதான்.

இந்தக் கல்லுல குவார்ட்ஸ் இருக்கு. சாதாரண எஃகையே கீறுற பொருள். கிரஷர் தூசியில அது மாவா பறக்கும். தாம்பரத்தைச் சுத்தி நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு, ஏர் ஓட்ட வாங்கின டிராக்டருங்க பாதி ஜல்லியும் எம்-சாண்டும் செங்கல்லும் இழுக்கப் போயிடுச்சு. சேத்துல சேடை ஓட்டுறப்போ தூசி கம்மி. கிரஷர்ல லோடுக்கு நிக்கிறப்போ எஞ்சின் மூச்சு இழுக்கிறதே கல்மாவுதான். ஏர் பில்டர்ல தப்பிச்சது பிஸ்டன் ஓரமா ஆயிலுக்கு வரும். கடைசிக் காவல் ஆயில் பில்டர்.

தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல நிக்கிற ஆயில் படலம் ஓடும்போது சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் அதுக்குள்ள புகுந்து அரைக்கும். 1988ல அமெரிக்க எஸ்.ஏ.இ. சங்கத்துல வந்த ஒரு ஆய்வு பிரபலம். 40 மைக்ரான் வரை பிடிக்கிற பில்டரை விட, 30 மைக்ரான் பிடிக்கிறதுல எஞ்சின் தேய்மானம் பாதியா குறைஞ்சது. 15 மைக்ரான்ல 70 சதவீதம் குறைஞ்சது.

அப்போ ரொம்ப நுணுக்கமா பிடிக்கிற பில்டரைப் போட்டுட்டா போச்சான்னா, அதுவும் இல்ல. துளை சின்னதாகி, காகிதத்தோட பரப்பு கூடலன்னா சீக்கிரம் அடைக்கும். அடைச்சா திட்டிவாசல் திறந்துக்கும், அப்புறம் எந்த மைக்ரானுக்கும் அர்த்தம் இல்ல. எவ்வளவு நுணுக்கமா பிடிக்குது, எவ்வளவு அழுக்கைத் தாங்கும், எவ்வளவு ஆயிலை விடும், மூணையும் சேர்த்துத்தான் எஞ்சின் கம்பெனி ஒரு நம்பர் கொடுக்கும். அதே புரி இருக்கிற குட்டை டப்பா விலை கம்மியா கிடைக்கும். உள்ளே காகிதமும் கம்மிங்கிறதை மறந்துடக் கூடாது.

மீட்டர் சொல்லாத கணக்கு

லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு, டிராக்டருக்கு மணிக் கணக்கு. பழைய டிராக்டர் கையேடு பலதுல 250 மணிக்கு ஒரு தடவை ஆயிலும் பில்டரும் மாத்தச் சொல்லும். ஆனா பழைய கேபிள் மீட்டர் கடிகாரம் இல்ல, எஞ்சின் சுத்துறதை எண்ணுற மீட்டர். அது 1500 சுத்துக்கு அளந்து வெச்சதுன்னு வைங்க. 750 சுத்துல ஒரு மணி நேரம் ஓடினா மீட்டர்ல அரை மணிதான் ஏறும். கிரஷர் வாசல்ல வரிசையில ஐடில்ல நிக்கிற வண்டி மீட்டர்ல இளமையா தெரியும், உள்ளே கிழடாகும். அதனால லோடு இழுக்கிற வண்டிக்கு நான் சொல்றது, கையேட்டு மணிக்கு முன்னாடியே மாத்திடுங்க.

புது லாரிக்கு வேற கணக்கு. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்த பிறகு புகையைக் குறைக்கிற சாமான் நிறைய சேர்ந்தது. அதுக்கு ஏத்த சாம்பல் கம்மியான ஆயில், அதுக்கு ஏத்த பில்டர்னு கம்பெனி சொல்றது ஒரு ஜோடி. மாத்துற இடைவெளியும் பல ஆயிரம் கிலோமீட்டர் நீளம். அத்தனை தூரம் தாங்குற காகிதம் வேணும். அங்க பழைய வண்டி பில்டரைப் போட்டு ஒப்பேத்த முடியாது.

தண்ணியும் ஒரு எதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடையாறு எங்க பக்கத்து ஏரிகளோட உபரி நீர்ல பிறக்குற ஆறு. அப்போ எத்தனையோ டிராக்டர், வேன் எஞ்சினுக்குள்ள தண்ணி போச்சு. டிப் ஸ்டிக்கை உருவினா பால் ஊத்தின டீ நிறத்துல ஆயில். அந்த நிலையில ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஆயிலை மட்டும் மாத்தி பில்டரை விட்டுட்டாலும் பிரயோஜனம் இல்ல, ஈரத்துல காகிதம் ஊறி உப்பி வழியை அடைச்சுக்கும். ரெண்டையும் மாத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி, திரும்ப ரெண்டையும் மாத்தினவங்க வண்டிதான் பிழைச்சது.

வாங்கும்போது

அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். டிராக்டர் பேரை மட்டும் வெச்சுத் தேடாதீங்க. ஒரே மாடல்ல வருஷத்துக்கு வருஷம் எஞ்சின் மாறியிருக்கும். எஞ்சின் நம்பரையும், பழைய பில்டர் மேல இருக்கிற பார்ட் நம்பரையும் அப்பாகிட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அந்த நம்பருக்குச் சமமானதுன்னு பில்டர் கம்பெனியே தன் பட்டியல்ல போட்டிருந்தா வாங்கலாம். கடைக்காரர் சொன்னா போதாது. திட்டிவாசல் வால்வு சில எஞ்சின்ல பிளாக்குலயே இருக்கும், சிலதுல பில்டருக்குள்ள இருக்கும். பில்டர் படுத்த வாக்குல, தலைகீழா மாட்டுற வண்டிக்கு, நிறுத்தினதும் ஆயில் திரும்ப வடியாம பிடிக்கிற ரப்பர் வால்வு வேணும். இதெல்லாம் வெளியில பார்த்துத் தெரியாது, நம்பர்தான் சாட்சி.

ஜி.பி. ரோடோ புதுப்பேட்டையோ, எங்க வாங்கினாலும் பில் வாங்குங்க. பேர் அச்சு மங்கலா இருந்தாலோ, கேஸ்கட் கல்லு மாதிரி கெட்டியா இருந்தாலோ திருப்பிக் கொடுங்க. மாட்டும்போது பழைய கேஸ்கட் பிளாக்குலயே ஒட்டிக்கிட்டு இருக்கான்னு விரல் விட்டுப் பாருங்க. ரெண்டு கேஸ்கட் சேர்ந்தா ஒழுகும். புதுசுக்கு ஆயில் தடவிக் கையால திருகினா போதும், ஒட்டினதுக்கு அப்புறம் டப்பாவுல போட்டிருக்கிற அளவு சுத்து.

கழட்டின பில்டரைத் தூக்கி எறியாதீங்க. தகரம் வெட்டுற கத்திரியால பிரிங்க. ஹேக்சா போட்டா அறுத்த தூளே உள்ளே விழுந்து ஏமாத்தும். காகிதத்தை விரிச்சு வெயில்ல பாருங்க. காந்தத்துல ஒட்டுற தூள்னா லைனர், ரிங் பக்கம் தேயுது. ஒட்டாத பளபளப்புன்னா பேரிங்கா இருக்கலாம். வெறும் கரின்னா கவலை இல்ல. மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே நடக்குறதைப் பார்க்க இதை விட மலிவான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஊர்ல அப்பா வண்டி ஓட்டுறார்னா, அடுத்த தடவை போன் பேசும்போது "கடைசியா எப்பப்பா பில்டர் மாத்தினீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. "ஓடிட்டுதான் இருக்குடா"ன்னு சொல்வார். ஓடத்தான் செய்யும். அதனாலதான் கேக்கணும்.

அடுத்த பதிவுல டீசல் பில்டர் பத்தி எழுதுறேன்.